நெட்டி

சேலத்து ஆஸ்பத்திரியில் பிரீத்தியின் எலும்புக்குள் இருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைக்க ஊசி போட்டார்கள். அவற்றை எடுத்து வைத்தால்தான் புற்றுக்கட்டிக்கு அடுத்த வைத்தியம்.

"மருந்து புடிச்சுதுன்னா எலும்பெல்லாம் நோவுங்க," என்றாள் நர்ஸ்.

சொன்னபடியே வலித்தது. பிள்ளை அழுவதைப் பொறுக்காத அம்மா அறிவுச்செல்வி, "உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும் சாமி" என்று கன்னம் வழித்து நெட்டி முறித்தாள். அழுகை நின்றது. அறிவுச்செல்விக்கு இடுப்பெலும்பு வலியில் தெறித்தது. யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொரு ஊசிக்கும் முறித்தாள்.

செல் எடுக்கும் நாளில் பிரீத்தியின் ரத்தத்தில் எதுவும் ஏறியிருக்கவில்லை.

"என் ரத்தத்தப் பாருங்க சார்," என்றாள் அறிவுச்செல்வி.

ஊசியே போடாத அவள் ரத்தத்தில் ஸ்டெம் செல்கள் நிறைந்திருப்பதைப் பார்த்த டாக்டர், மறுபடி எண்ணச் சொன்னார்.

மறுபடி முதலிலிருந்து ஊசி. "நெட்டி முறிம்மா" என்று பிரீத்தி துடித்தாள்.

"இந்தத் தடவ மாட்டேன் சாமி," என்ற அறிவுச்செல்வி, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.