மூன்றாவது மாடி பிரிண்டர்

இந்தக் கதையைப் பல வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன். சொன்னது ஒரு நெட்வொர்க் கேபிள். தன் சாமர்த்தியத்தைப் பற்றிப் பேச அதற்குச் சலிப்பே வராது.

பஸ் டெப்போ கம்ப்யூட்டரில் கறுப்புத் திரைக் காலத்துக் கிழட்டுப் புரோகிராம் ஒருவர் இருந்தார். பிரிண்டர் தன் பக்கத்திலேயே இருப்பதாக நினைத்திருந்தார். அதுவோ எல்லோருக்கும் பொதுவாக மூன்றாவது மாடிக்குப் போயிருந்தது. மனம் நோகுமே என்று கேபிள் அதைச் சொல்லவில்லை.

ஒருநாள், நான்கு மணிக்குள் டியூட்டி லிஸ்ட் வராவிட்டால் புரோகிராமையே அழித்துவிடப்போவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். புரோகிராம் லிஸ்டை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

“பெரியவரே, அனுப்பியாச்சுல்ல, கிளம்புங்க,” என்றது கேபிள்.

“பிரிண்டர் அடிக்கிற சத்தம் கேக்காம நான் கிளம்ப மாட்டேன்.”

மாடியில் பிரிண்டர், “அவர் பேசி முடிச்சுட்டுக் கிளம்பட்டும்ப்பா. நடுவுல ஆரம்பிச்சா மரியாதையா இருக்காது,” என்றது.

மணி மூன்று ஐம்பது.

“இவன் புது ஆளு பெரியவரே, சத்தமே போடமாட்டான்,” என்று கேபிள் புளுகியது.

“சத்தம் போடாம வேலை செய்யறவனை நான் பார்த்ததே இல்லை,” என்றார். பிறகு சொன்னார்: “சரி, கிளம்பறேன். அவன்கிட்ட கொஞ்சம் உரக்கவே சொல்லிடு.”

அவர் தன்னை மூடிக்கொண்டு கிளம்பிய மறுநிமிடம் மாடியில் லிஸ்ட் வந்து விழுந்தது.

“பக்கத்துல இருக்கறவன்கிட்ட உரக்கச் சொல்லணுமாம், பாவம்,” என்று கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் சிரிக்கும் கேபிள்.

போன வாரம்தான் கேட்டேன்: “பிரிண்டர் மாடியில இருக்கறது அவருக்குத் தெரியாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”