வெளியே போகும் பாதங்கள்

போர்முனையில் கண்ணிவெடி புதைத்த நிலத்தில், முன்னால் போகிறவனின் காலடித் தடத்திலேயே மிதித்து நடந்து பழகியவன் நம்பிராஜன். பட்டாளத்திலிருந்து திரும்பி ஐந்து மாதமாகியும் அவன் தனியாக வாசல் தாண்டவில்லை. மனைவி அலமேலு முன்னால் நடந்தால், மண்ணில் விழும் அவள் தடத்தில் பிசகாமல் கால் வைத்துப் பின்னால் போவான். அவள் இல்லாவிட்டால் நிலைப்படியோடு நின்றுவிடுவான்.

"நம்ம வாசல்தான, கீழ என்ன இருக்கப் போகுது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தெரியும்" என்றான். தெரிந்தும் கால் எழும்பவில்லை.

கோகுலாஷ்டமியன்று அலமேலு அரிசிமாவைக் கரைத்து, முஷ்டியால் ஒற்றி, விரல்களுக்குப் பொட்டு வைத்து, தெருவிலிருந்து பூஜையறை வரை குட்டிக் கண்ணனின் பாதங்களைப் பதித்தாள். விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தால் நம்பிராஜன் தெருவில் நிற்கிறான். வாசல் நெடுக ஒவ்வொரு பிஞ்சுப் பாதமும் அவன் பெருவிரல் பட்டுக் கலைந்திருந்தது.

"சாமி பாதத்த மிதிச்சிட்டேன்" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

அவள் மறுநாள் காலையில் மறுபடி மாவைக் கரைத்தாள்.

எதிர்வீட்டுக் கோமதியக்கா எட்டிப் பார்த்தாள். "என்னட்டி, பண்டிகை நேத்தே முடிஞ்சிட்டே. பாதமும் தெருவப் பாத்துல்லா போகுது?"

"கண்ணன் வந்தாச்சுக்கா. இவங்க டீக்கடை வரைக்கும் போய்ட்டு வரணும்லா."

டீக்கடைக்கு இன்னும் ஆறு வீடு இருந்தது. அலமேலு முஷ்டியை மாவில் தோய்த்தாள். நிலைப்படியில் நின்ற நம்பிராஜன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.