பச்சைப் புள்ளி

ஆன்லைன் ஆட்டத்தில் போர் விமானம் ஓட்டிக்கொண்டே மனைவி நதியாவுக்குக் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினான் கோகுல்ராஜ்.

"நதியா, இந்தப் பச்சைப் புள்ளிதான் என் கூட்டாளி. அவன் ரேடார்ல சிக்குற எதிரியெல்லாம் என் திரையிலயும் தெரியும். பல தடவ என்னைக் காப்பாத்தினவன்."

"பேரு இன்னாங்க?"

"தெரியாது. பேசினதே இல்ல. கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பார்த்துக்க மாட்டான்."

"கூடப் பொறந்தவரு வேலிக்கு அந்தாண்டதான் இருக்காரு. ஒரு புளியமரத்துக்காகப் பேச்சை வுட்டுட்டீங்க."

"அவன் பேச்சை எடுக்காத!"

கரண்ட் போனது.

"ஐயோ, கூட்டாளி தனியா மாட்டிக்குவானே!" என்று கத்தினான் கோகுல்ராஜ்.

அதே நேரம் வேலிக்கு அப்பால் அண்ணன் சின்னராஜின் குரலும் கேட்டது. "அடச்சே, என் கூட்டாளி ஜெட்டு தனியா மாட்டிக்குமே!"

இருவரும் சட்டென்று வேலிப் பக்கம் திரும்பினார்கள்.

கரண்ட் வந்தது. கோகுல்ராஜ் அவசரமாக ஆட்டத்துக்குள் நுழைந்தான். பச்சைப் புள்ளி அங்கே இருந்தது. இவன் வந்ததும் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு மறைந்தது.