கிழக்குப் பக்க ஜன்னல்

"ஒரு ஜன்னலுக்காக லோனை நிறுத்திட்டாங்க பாய்! லோன் வேணுமா, லோன் வேணுமான்னு செல்லுல கூப்பிட்டுத் தொல்லை பண்ணின அதே பேங்க்!"

கேட்டைத் திறக்கும்போதே ஐசக் கத்தினார். சேலையூரில் இருக்கும் ஜாபர் பாயின் வீட்டை வாங்க அட்வான்ஸ் கொடுத்தவர் அவர். குடியிருக்கும் வாடகை வீட்டை மாசக் கடைசியில் காலி செய்வதாக வேறு சொல்லித் தொலைத்துவிட்டார்.

"உட்காருங்க சார். ஷரீஃபா, சாருக்கு டீ" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார் ஜாபர்.

"டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம். ப்ளான்ல கிழக்குப் பக்கம் சின்ன ஜன்னல்தான் இருக்காம். இங்கே சுவரை இடிச்சு ஆறடிக்கு அலுமினிய ஜன்னல் நிக்குது. அதுக்கு அனுமதிச் சான்றிதழ் எங்கேன்னு பேங்க் வக்கீல் கேக்கறார்."

"பழைய மர ஜன்னலைக் கரையான் அரிச்சிடுச்சு சார். மாத்தும்போது காத்து வரட்டும்னு பெரிசா வெச்சோம். அதுக்கும் பேப்பர் வாங்கணும்னு யாருக்குத் தெரியும்?"

"சரி, இப்ப வாங்கலாமே! நான் விசாரிச்சிட்டேன். சர்வேயர் வந்து எல்லையை அளந்து, சுவரைத் தாண்டி உங்களுக்கு இடம் இருக்குன்னு எழுதிக் கொடுத்தா போதும்."

ஜாபரின் முகம் மாறிப்போனது.

"அளக்கறது மட்டும் வேணாம் சார்."

"ஏன்?"

"வேணாம். விட்டுடுங்க."

ஐசக்குக்கு ரத்தம் சூடேறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளிடமா வந்து மாட்டினோம்!

"எப்படி அளக்க வுடுவாரு?"

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு முத்தாலம்மாள். இறந்துபோன கணவர் கட்டிவைத்த வீட்டில் தனியாக இருப்பவர்.

"நல்லா கேளு சார்! அந்த ஜன்னலைத் தொறந்தா என் சமையல்கட்டு தெரியுது. என் பக்கமா தள்ளிக் கட்டிகினு, இப்ப இன்னா நாடகம் வேண்டிக் கீது?"

ஜாபர் தலையைக் குனிந்துகொண்டார். ஐசக்குக்கு அது போதுமானதாக இருந்தது.

"அஞ்சு வேளையும் தொழற மனுஷன்னு நம்பித்தானே அட்வான்ஸ் கொடுத்தேன்? தனியா இருக்கிற பொம்பளையோட இடத்தை வளைச்சுப் போட்டிருக்கீங்களே, வெட்கமா இல்ல?"

"அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துடறேன் சார்."

"எதை வெச்சு? மூழ்கற கடையைத் தூக்கி நிறுத்தத்தானே வீட்டையே விக்கறீங்க? நீங்க கூப்பிடலேன்னா போகட்டும். நானே சர்வேயரைக் கூட்டிட்டு வரேன். அந்தம்மா இடம் அந்தம்மாவுக்குப் போய்ச் சேரட்டும்!"

"அப்படிப் போடு சார்!" என்றார் முத்தாலம்மாள்.

ஐசக் விறுவிறுவென்று வெளியே போய் வண்டியில் ஏறினார். செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடிவந்த ஜாபர், அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"தயவுசெஞ்சு வேணாம் சார். அளந்தா என் ஜன்னலுக்குப் பேப்பர் கிடைச்சிடும். அந்தம்மாவுக்குத்தான் சமையல்கட்டு இருக்காது. அவங்க வூட்டுக்காரர் தெரியாம அதை என் மனையில கட்டிட்டுப் போயிட்டாரு."