இரண்டாவது சத்தம்

“ரெண்டாவது” என்று குமரகுரு தயங்காமல் சொன்னான்.

நல்ல மரத்தில் செய்த கிடாரின் சத்தம் அதுதான் என்று அவன் காது அடித்துச் சொன்னது. முதலாவதில் என்னவோ குறைந்தது. இரண்டாவதில் அடித்தொண்டையிலிருந்து எழுகிற மாதிரி ஒரு கனம் இருந்தது.

இரண்டையும் வாசித்து ஒரே கேசட்டில் பதிந்திருந்தவள் ஜாஹ்னவி. ஏனாத்தூர் கல்லூரியில் அவனோடு எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவள். கல்லூரி இசைக்குழுவில் அவனைப் போலவே எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுச் சொல் என்றிருந்தாள்.

அவன் பதிலைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. லேபின் மூலையில் தொங்கிய போர்வையை விலக்கினாள்.

அங்கே கிடாரே இல்லை.

இரண்டு இரும்பு மேசைகள், நடுவில் வெறும் இடைவெளி. ஒரு மேசையின் விளிம்பிலிருந்து மறு மேசையின் விளிம்புக்கு ஆறு கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. கம்பிகளுக்குக் கீழே ஒரு ஸ்டாண்டில் பிக்கப். கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற சின்னக் கட்டை.

“மொதல்ல கேட்டது என் கிடார், மஹாகனி மரம். நீ சொன்ன ரெண்டாவது இதுதான். அதே கம்பி, அதே பிக்கப். கழட்டி இங்க மாட்டினேன், அவ்ளோதான்.”

ஒரு வருஷமாக இருவருக்கும் இதே சண்டை. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாக்கட்டையைத் தேடுகிறார்களே, கிடாருக்கு மட்டும் மரம் முக்கியமில்லையா என்பான் அவன். அவற்றுக்கு உள்ளே குடைந்த வயிறு இருக்கிறது, மரமும் சேர்ந்து பாடுகிறது. இதில் காந்தத்துக்குக் கம்பியைத் தவிர வேறெதுவும் கேட்காது என்பாள் அவள்.

குமரகுரு குனிந்து கம்பிகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். காற்றுதான் இருந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

ஜாஹ்னவி என்னவென்று கேட்பதற்குள் அவன் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தான்.

பிள்ளையார்பாளையத்தில் அவன் வீட்டுக் கொல்லையில் ஒரு பலாமரம் உண்டு. மரம் கொண்டுவந்தால் கிடாராகச் செய்து தருகிறேன் என்று சென்னையில் ஒருவர் சொன்னதிலிருந்து, அதை வெட்டித் தரும்படி அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மரத்துக்குள்ளும் ஒரு குரல் இருக்கிறது, கம்பி கட்டினால் அது வெளியே வந்துவிடும் என்று தறியில் உட்கார்ந்திருந்தவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். அம்மா நீலாம்பாள் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. போன வாரம் அவளாகவே, மரம் வெட்டும் தர்மனை வரச்சொல் என்றாள்.

ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தான்.

இன்று காலையில்தான் வெட்ட வருவதாகத் தர்மன் சொல்லியிருந்தார்.

கல்லூரி வாசலில் இருந்த பூத்திலிருந்து பக்கத்து வீட்டு சபாபதிக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் படியிலேயே தொங்கிக்கொண்டு வந்தான். இன்னும் ஆரம்பித்திருக்க மாட்டார்கள், முதலில் கிளைகளைக் கழிப்பார்கள், அடிமரத்துக்கு வர மத்தியானம் ஆகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். தெருமுனையில் இறங்கி, எதிரே வந்த சைக்கிள்களை இடித்துக்கொண்டு ஓடினான்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் கண் கூசியது.

எப்போதும் விளக்குப் போட்டுத்தான் நெய்கிற அந்த வீட்டில், கொல்லைக் கதவு வழியாக வெயில் தறி வரைக்கும் வந்து விழுந்திருந்தது.

மரம் கொல்லை முழுக்கச் சாய்ந்து கிடந்தது. தர்மன் கையில் ஒட்டிய பாலை எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா வெட்டுண்ட அடிமரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன்மேல் ஒரு கையை வைத்திருந்தாள்.

மரமே தேவையில்லை என்று சொல்லத்தான் குமரகுரு வாயைத் திறந்தான். மூச்சு வாங்கியது. அதற்குள் அவள் பேசினாள்.

“உங்கக்கா பொறந்தன்னிக்கு வெச்ச மரம்பா இது.”

அவன் பிறப்பதற்கு முன்பே, பேச்சு வரும் வயதுக்குள் காய்ச்சலில் போய்விட்டவள் அந்த அக்கா. கீர்த்தி என்ற அவள் பெயரே பெரியப்பா சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். அம்மா வாயிலிருந்து அவளைப் பற்றி ஒரு சொல் அவன் கேட்டதில்லை.

“போட்டோ கூட எடுக்கல. மூஞ்சி மறந்துபோச்சு. அவ அழுவுற கொரலும் மறந்துபோச்சு. நீதான் மரத்துக்குள்ள கொரல் இருக்குது, கொரல் இருக்குதுன்னு சொல்லிக்கினே இருந்த.”

நிமிர்ந்து மகனைப் பார்த்தாள்.

“கேக்கும் இல்ல?”

வெட்டிய இடத்தில் பால் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

குமரகுரு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“கேக்கும்மா.”