மெழுகுப் புறா

சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறவர் போல, கல்வி அதிகாரி தூரிகையைக் கிண்ணத்துக்குள் ஒரே முக்காக முக்கி எடுத்தார்.

சொட்டச் சொட்ட நீலம். பாதி மேடைக்கு, கொஞ்சம் அவருடைய காலணிக்கு, மீதிதான் தாளுக்கு.

ஸ்டாண்டில் மாட்டியிருந்த சார்ட் தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆனால் அதில் ஒரு படம் ஏற்கெனவே இருந்தது. மெழுகுவர்த்தியால் வரைந்தால் கண்ணுக்குத் தெரியாது. மேலே வண்ணத் தண்ணீரைப் பூசினால், மெழுகு பட்ட இடம் மட்டும் நனையாமல் கோடு கோடாக எழுந்து வரும். டிராயிங் சார் நான்காம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும் வித்தைகளில் பிள்ளைகளுக்கு இதுதான் உயிர்.

இன்றைய படத்தை வரைந்தது ஒரு மாணவி என்று அழைப்பிதழில் போட்டிருந்தது.

வரைந்தது டிராயிங் சார். ஒரு புறா. பிள்ளை வரைந்ததுபோல் தெரிய வேண்டுமென்று ஒரு சிறகைக் கோணலாக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். பிள்ளைகளை நம்பி அதிகாரி கையில் தூரிகையைக் கொடுக்க முடியுமா? அவருடைய வழுக்கையையே வரைந்து வைத்திருந்தால்?

டிராயிங் சார் பதினொரு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்கும் உத்தரவு அதிகாரியின் பைக்குள் இருந்தது. மேடையிலேயே கொடுப்பதாகப் பேச்சு. இந்தப் புறா ஒழுங்காக வெளியே வந்துவிட்டால் போதும்.

தலைமையாசிரியை மைக்கைப் பிடித்து, ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் ஒளிந்திருக்கும் ஓவியத்தை வெளிக்கொணர்வதே இப்பள்ளியின் லட்சியம் என்றார். அதிகாரி தலையாட்டினார். மின்விசிறிக்கு அடுத்தபடியாக அந்த மண்டபத்தில் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது அந்தத் தலைதான்.

தூரிகை மேல் மூலையில் ஒரு இழுப்பு இழுத்தது.

அலகு வந்தது. கண் வந்தது. கோணல் சிறகும் வந்தது.

கைதட்டல். அதிகாரி, தானே முட்டையிட்டுப் பொரித்ததுபோல் புறாவைப் பார்த்தார். தனக்குள் இப்படி ஒரு கலைஞன் இருப்பது தனக்கே தெரியாமல் போய்விட்டதே என்று மைக்கில் வருத்தப்பட்டார். டிராயிங் சாருக்கு மூச்சு வந்தது.

அடுத்த இழுப்பில், புறாவின் காலடியில் ஒரு பெட்டி வந்தது.

அவர் பெட்டி எதுவும் வரையவில்லை.

பெட்டிக்கு ஒரு மூடி. மூடி பாதி திறந்திருந்தது. பெட்டிக்குக் கீழே நான்கு தூண்கள், பக்கத்தில் ஒரு குழாய். பள்ளிக்குப் பின்னால் நிற்கிற தண்ணீர்த் தொட்டி.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை. தலைப்பு, 'என் பள்ளிக்கு நான் செய்யும் உதவி'. பிள்ளைகள் மெழுகால் வரைந்தார்கள். வண்ணம் அடுத்த வியாழன் என்று அவர்தான் ஒத்திப்போட்டார். அடுத்த வியாழன் எல்லாரும் பூசினார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் நடுவில் வந்த சனிக்கிழமை தொட்டிக்குள் விழுந்து இறந்துபோயிருந்தாள்.

பூசாத தாள், வெள்ளைத் தாளோடு வெள்ளைத் தாளாக அலமாரியில் சேர்ந்துவிட்டது. அதை எடுத்துத்தான் புறா வரைந்திருக்கிறார். விரலால் ஒரு தடவை தடவியிருந்தால் தெரிந்திருக்கும். தடவவில்லை.

அவளை எல்லாரும் அணில் என்றுதான் கூப்பிடுவார்கள். விசாரணைக்கு அந்தப் பெயரே பெரிய ஒத்தாசையாக இருந்தது. சேட்டைக்காரி, எதைக் கண்டாலும் ஏறுவாள், அன்றைக்கும் தானாகவே ஏறிவிட்டாள், பிள்ளைகள் தொட்டிப் பக்கம் போவதே இங்கே யாருக்கும் தெரியாது என்று ஒரு காகிதம் தயாரானது. எல்லா ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டார்கள். டிராயிங் சாரும் போட்டார். அதுவரை படுத்தே கிடந்த அவருடைய கோப்பு, மறுமாதம் எழுந்து நடக்க ஆரம்பித்தது.

தூரிகை கீழே வந்தது. தொட்டியில் சாய்த்த ஒரு மர ஏணி. ஏணியில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பெண்கள், கையில் வாளியும் துடைப்பமுமாக. எல்லாருக்கும் மேலே இருந்தவளின் தலைக்கு அருகே 'நான்' என்று எழுதியிருந்தது. ஓரத்தில், தொட்டியைக் காட்டி விரல் நீட்டியபடி பெரிய உருவம் ஒன்று. விரல் கையைவிட நீளம். அதன்மேல் 'பெரிய டீச்சர்'; பிள்ளைகள் தலைமையாசிரியையை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பெரிய டீச்சரின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது.

கீழே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒன்றுகூட வாயைப் பிளக்கவில்லை. தெரிந்த பாடத்தையே மறுபடி கேட்கிற முகத்தோடு இருந்தார்கள்.

அதிகாரி சாருக்குக் கை வலிக்கும், இத்தோடு போதும் என்று தலைமையாசிரியை தூரிகையைப் பிடுங்காத குறையாக வாங்கினார். டிராயிங் சார் கிண்ணத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கை நின்றது. நீலம் நிற்கவில்லை.

அதிகாரி தாராளமாகப் பூசியதெல்லாம் மேலே தேங்கி நின்று, இப்போது தன் பாட்டுக்கு இறங்கத் தொடங்கியது. ஏணியில் ஒவ்வொரு படியாக.

துணி வைத்துத் துடைக்கலாம். துடைத்தால் இன்னும் பரவும், இன்னும் நன்றாகத் தெரியும். இந்த விஷயத்தில் அந்த மண்டபத்திலேயே விவரம் தெரிந்தவர் டிராயிங் சார் ஒருவர்தான்.

ஏணியின் அடியில் ஒரு ஆள் வந்தார். இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி. அத்தனை முகங்களில் சிரித்த முகம் அது ஒன்றுதான். அவர் காலடியில், தாளின் விளிம்பை ஒட்டி, கொட்டை எழுத்தில் ஒரு வரி.

அதிகாரி குனிந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பரிசுக்குப் பெயர் வாசிக்கிற குரலில், நிறுத்தி நிதானமாக மைக்கில் படித்தார்.

"டிராயிங் சார் கீழ நின்னா எனக்குப் பயமே இல்ல."