அளக்காத நெல்

களத்து நெற்பொலியின் வடக்கு ஓரத்தில் ஒரு முத்திரை உடைந்திருந்தது.

மூன்று நாளைக்கு முன்னால் நான் வைத்த முத்திரை. குவித்த நெல்லின் மேல் அங்கங்கே ஈரமண்ணை வைத்து, முதலாளியின் பெயர் செதுக்கிய கட்டையால் அழுத்திவிட்டுப் போவேன். அவர் வந்து அளந்து பாதி பிரிக்கும்வரை அந்த நெல்லை யாரும் தொடக்கூடாது. உழுதவனும்தான்.

காவல்காரன் இசக்கியப்பன் விடிந்ததும் பார்த்துவிட்டு, குடியிருப்புப் பக்கம்கூடப் போகாமல் நேரே தென்காசிக்கு ஓடிவந்து சொன்னான். முதலாளி ஞானசம்பந்தம் பிள்ளை உடனே வண்டி பூட்டச் சொன்னார். அவருடைய காரியஸ்தன் என்பதால் நானும் ஏறிக்கொண்டேன்.

மேலகரத்துக் களத்தில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. முதலாளிக்குத் தாகம். தோப்பைத் தாண்டிக் குடியிருப்புக்குப் போய் இளநீர் வெட்டிக்கொண்டு வரும்படி இசக்கியப்பனை அனுப்பினார்.

உடைந்த இடத்தில் நாலு விரல் ஆழத்துக்குப் பள்ளம். கோழி கிளறியிருக்கும் என்று நான் சொன்னால் முதலாளி நம்பியிருப்பார். நான் சொல்லவில்லை.

அந்த வயலை உழுகிற பேச்சிமுத்துவைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாய்க்காலில் இருந்து ஏறி வந்துகொண்டிருந்தான். தலையும் வேட்டியும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. மழை இல்லாத, குற்றால அருவியே நூலாக விழுகிற பங்குனி மாதம். தோளில் தண்ணீர்க்குடம் இருந்தது. கைதட்டிக் கூப்பிட்டேன்.

வந்தான். களத்துக்குள் கால் வைக்காமல் வரப்பிலேயே நின்றான்.

கிட்டே வரும்படி முதலாளி சொன்னார். அவன் அசையவில்லை. திருட்டுக் கால் எங்கே முன்னால் வரும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பேசும்படி நான் சொன்னேன். அதையும் அவன் கேட்கவில்லை. மறு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு வருஷமாக முதலாளி வண்டியைக் கண்டாலே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தவன்.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டால் அவருக்கு மூச்சு வாங்கும். பொலிக்கு முன்னால் சூடம் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். முத்திரையைத் தொடவில்லை என்று சூடத்தின் மேல் கையடித்துச் சொல்லிவிட்டால் போதும், இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது என்றார்.

பேச்சிமுத்து சூடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அது எரிந்து அணைந்தது.

"என் பங்குலதான் எடுத்தேன் ஐயா. ஒரு பிடி."

அளக்காத நெல்லில் பங்கு என்று ஒன்று கிடையாது என்றார் முதலாளி. சட்டமும் அப்படித்தான், வழக்கமும் அப்படித்தான். ஒரு பிடி நெல்லா ஒரு கோட்டை நெல்லா என்பதும் கேள்வி இல்லை. எதற்கு எடுத்தாய் என்று மட்டும் கேட்டார். கேட்ட குரல் கொஞ்சம் தணிந்துதான் இருந்தது.

அவன் பொலியைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

எழுதிக் கொடுத்த சீட்டு எதுவும் கிடையாது. வாய்ச்சொல்லில் கொடுத்த நிலம். வாய்ச்சொல்லிலேயே முதலாளி எடுத்துக்கொண்டார். சித்திரை பிறந்தால் வயலில் கால் வைக்கக்கூடாது என்றார்.

பேச்சிமுத்து தலையை ஆட்டினான். போகட்டுமா, காத்திருக்கிறார்கள் என்றான். போகச் சொன்னேன். குடத்துத் தண்ணீர் சிந்தாமல் வரப்பில் மெல்ல நடந்து போனான்.

இனி யார் உழுவது என்று முதலாளி கேட்டார். தளவாய் என்று ஒருவன் இருக்கிறான், பொறுப்பானவன் என்றேன். சரி என்றார்.

அதற்குள் இசக்கியப்பன் திரும்பி வந்தான். கையில் இளநீர் இல்லை. அவனும் களத்துக்குள் வராமல், வாய்க்கால் கரையில் நின்று என்னை மட்டும் கையசைத்துக் கூப்பிட்டான்.

"பேச்சிமுத்து பொண்டாட்டி பேராச்சி விடியக்காலம் போயிட்டாளாம். வாய்க்கரிசிக்கு அவ கையால நட்ட நெல்லுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னானாம். குளிப்பாட்டத் தண்ணி எடுக்க வந்தவனைத்தான் நாம நிறுத்தி வச்சிருக்கோம்."

பேராச்சியை எனக்குத் தெரியும். நடவில் முதல் நாற்றை எப்போதும் அவள்தான் ஊன்றுவாள். அது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான்.

களத்துக்குத் திரும்பினேன். அவன் என்ன சொன்னான் என்று முதலாளி கேட்டார்.

பொலிக்கு முன்னால் சாவுச்சேதி சொல்வதில்லை; தீட்டோடு களத்தில் கால் வைப்பதும் இல்லை, பிணம் குளிப்பாட்டும் தண்ணீரை வழியில் இறக்குவதும் இல்லை. எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். பேச்சிமுத்து வாயை மூடிக்கொண்டதும் அதற்காகத்தான்.

இளநீர் கிடைக்கவில்லையாம் என்றேன்.

உடைந்த இடத்தை அடைக்கச் சொல்லிவிட்டு முதலாளி வண்டியில் ஏறினார்.

தென்காசிக்கு அரை மணி நேரப் பாதை. வண்டியில் பொலி கிடையாது. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான். வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம்.

தளவாய் என் மனைவியின் தம்பி. நிலம் வாங்கித் தரச் சொல்லி ஒரு வருஷமாக என் வாசலுக்கு வந்துகொண்டிருந்தான்.

வண்டி புறப்படுவதற்கு முன் முத்திரையை வைத்தேன். வாய்க்கால் மண்ணை ஒரு பிடி எடுத்துப் பள்ளத்தில் இட்டு, கட்டையால் அழுத்தினேன். எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

விழுந்திருந்தது.